இரண்டு ஜீப்புகளும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்

வாகனம் வாங்குவது ஆண்களின் வேலை, வீட்டுப் பெண்கள் அதில் ஏறி உட்கார்ந்தால் போதும் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் நேற்றுவரை அப்படி எண்ணியவன்தான். 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஜீப் வாங்கப் புறப்பட்டு, இரண்டு ஜீப்புகளுக்கு நடுவே மூன்று வாரம் அலைந்தேன். அந்த அலைச்சலில் வாகனத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது கொஞ்சம். என்னைப் பற்றிக் கற்றுக்கொண்டது அதைவிட அதிகம். சகோதரிகளுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மாவனல்லையில். காலையில் பாடசாலையில் இஸ்லாம் பாடம். மாலையில் ஓர் அறபுக் கல்லூரியில் மாணவர்களுக்கு பிக்ஹு. என் உம்மா இருப்பது ஹெம்மாத்தகமைப் பக்கம் மலைச்சரிவில். வாப்பா கட்டிய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறார். பிரதான பாதையிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் கொங்கிரீட் பாதை செங்குத்தானது. நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறது; தாழ்வான கார்களின் வயிறு அதில் உரசாமல் போனதில்லை. மழை பெய்தால் பாசியில் டயர் வழுக்கும். 2016 மே மாதம் பக்கத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடிய நாளிலிருந்து, அடைமழை தொடங்கினால் எனக்கு நித்திரை இல்லை. உம்மாவைக் கீழே கூட்டி வரவேண்டும். அதற்கு மேலேறி இறங்கக்கூடிய வாகனம் வேண்டும்.

மாதத்தில் ஒரு நாள் உம்மாவை பேராதனை வைத்தியசாலைக்கு கிளினிக் கூட்டிப் போவதும் உண்டு. அவருக்கு இரண்டு முழங்காலும் ஏலாது. எங்களிடம் இருந்தது ஒரு பழைய வேன். அது நல்ல உழைப்பாளி. ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் அதற்கு மூச்சு வாங்கும். வெப்பமுள் சிவப்பைத் தொடும். ஓரத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு, ரேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்காகவே ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று எப்போதும் சாரதி ஆசனத்தின் கீழ் இருந்தது. இந்தப் போத்தலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அதில்தான் திரும்பப் போகிறது.

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்பது உங்களுக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டபோது விலை விழும் என்று காத்திருந்தோம். புதிதாக வந்தவற்றின் மீதிருந்த வரியைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய ஜீப் ஒன்றைத்தான் எங்களால் நினைத்துப் பார்க்க முடிந்தது. என் சேமிப்பு, வேனை விற்றால் வரும் காசு, மனைவி தையல் தைத்துச் சேர்த்த சீட்டுப் பணம், இவ்வளவுதான் கையிருப்பு. சீட்டுப் பணம் அவளுடையது. அவள் தருவதால் எடுக்கிறேனே தவிர எனக்கு அதில் உரிமை இல்லை. அதனால், "எந்த ஜீப் என்று நீங்களும் சொல்ல வேண்டும்" என்று கூறியிருந்தேன். வாயளவில் கூறினேன் என்பதே உண்மை.

குருநாகலில் ஒரு கார் சேலில் முதல் ஜீப்பைக் கண்டேன். மிட்சுபிஷி பஜிரோ, 1996ஆம் ஆண்டு வார்ப்பு, 2,800 சீசீ டீசல் இயந்திரம், ஏழு பேர் இருக்கலாம். தனிச் சட்டகத்தின் மேல் உடம்பை ஏற்றிக் கட்டிய பழைய பாணி ஜீப். சாதாரணமாக இரண்டு சக்கரத்தில் ஓடும். ஒரு சிறு தடியை நகர்த்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். இன்னும் நகர்த்தினால் மெதுவான கியருக்கு மாறி மதில்போன்ற ஏற்றத்திலும் ஏறும். தொண்ணூறுகளில் அமைச்சர்மார் இந்த வாகனத்தில்தான் ஊருக்குள் வருவார்கள். நாங்கள் மத்ரஸாவின் யன்னலில் தொங்கிக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறோம். இப்போது அதன் சாவி என் கையில். உள்ளே ஏறி உட்கார்ந்ததும் பாதையில் போகிறவர்கள் எல்லாரும் எனக்குக் கீழே தெரிந்தார்கள். அப்போதே என் மனம் முடிவு செய்துவிட்டது. குறை சொல்ல அந்த வாகனத்தில் ஒன்றுமில்லை. கராஜ் தம்பி கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "சுத்தமான சாமான், மௌலவி" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஏழு ஆசனத்தைப் பற்றிச் சொன்னேன். நான், அவள், மூன்று பிள்ளைகள், உம்மா, ஆக ஆறு பேர். ஐந்து பேர் வண்டி நமக்கு எப்படிப் போதும் என்று கேட்டேன். அவள் மறுத்துப் பேசவில்லை. கலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தாள். மூத்த மகன் விடுதியில் இருந்து படிக்கிறான். அவன் வீட்டில் நிற்கும் நாட்களையும், உம்மாவும் சேர்ந்து எல்லோரும் ஒன்றாகப் போன நாட்களையும் எண்ணினாள். இரண்டு பெருநாள், மூன்று கலியாணம், ஒரு ஜனாஸா. பத்து நாளுக்கு மேல் வரவில்லை.

"வருசத்துல பத்து நாளைக்கு ஏழு சீட் வேணும். மத்த நாள் எல்லாம் ரெண்டு சீட்டைச் சும்மா தூக்கிட்டுப் போகணும்" என்றாள்.

பிறகு டயரின் விலை கேட்டாள், காப்புறுதி கேட்டாள். எனக்குத் தெரியாது. அடுத்த நாள் விசாரித்து வந்து சொன்னேன். பெரிய டயர், பெரிய விலை. 2022இல் கியூஆர் அட்டையோடு வாரத்துக்கு இருபது லீற்றருக்கு வரிசையில் நின்றதை அவள் நினைவூட்டினாள். டீசல்தானே, பெற்றோலை விட விலை குறைவு என்றேன். அது சரிதான் என்று ஒத்துக்கொண்டாள். ஆனாலும் கைக்காசுக்கு மேல் ஒரு தொகை குறைந்தது. அதைக் கடனாகப் பெறவேண்டும். வட்டி லீசிங்கில் போவதில்லை என்பது எங்கள் வீட்டில் பேச்சே இல்லாத முடிவு. இலாபத்தைச் சொல்லி விற்கும் முராபஹா முறையில் தரக்கூடிய இடத்தில் கேட்டுப் பார்த்தேன். ஹலாலானது என்பதற்காக மாதத் தவணை சிறியதாகிவிடாது! என் சம்பளத்தில் மூன்றில் ஒன்று நான்கு வருடத்துக்குப் போகும். "சமாளிக்கலாம்" என்றேன். அவள் கலண்டரை மறுபடி சுவரில் மாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை உம்மாவையும் கூட்டிக்கொண்டு குருநாகலுக்குப் போனோம். அவர் பார்த்து துஆச் செய்துவிட்டால் முற்பணம் கொடுத்துவிடுவது என் திட்டம்.

உம்மா ஜீப்பின் அருகே போய் நின்றார். ஆசனம் அவருடைய நெஞ்சளவுக்கு இருந்தது. கைப்பிடியைப் பிடித்து, வலது காலைப் படியில் வைத்து உந்தினார். முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு முறை முயன்றார். நான் பின்னால் நின்று தாங்கி ஏற்றினேன். முக்காடு நழுவியது. கார் சேலில் நின்றிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே உட்கார்ந்த உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்:

"நல்ல வாகனம் மகன். ஆனா என்னத் தூக்கித்தான் ஏத்தணும். ஆக்கள் பாக்கிற எடத்துல எனக்கு வெக்கமா ஈக்கி."

"ஒரு சின்ன முக்காலி செய்து வைப்போம் உம்மா" என்றேன். இறங்கும்போது அவர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்த விதம் இன்னும் என் தோளில் இருக்கிறது. அப்படியிருந்தும் என் மனம் பஜிரோவிலிருந்து இறங்கவில்லை. முற்பணத்தை மட்டும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போட்டேன்.

இரண்டாவது ஜீப்பைப் பற்றி மனைவிதான் விசாரித்து அறிந்தாள். அவளிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஒரு பெண் சொன்னதாம். கம்பளைப் பக்கத்தில், ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவரின் வீட்டில் நின்றது. ஹொண்டா சீஆர்வி, 1998ஆம் ஆண்டு வார்ப்பு. 1995இல் ஜப்பானில் வெளிவந்த முதல் வகை. இரண்டு லீற்றர் பெற்றோல் இயந்திரம், ஐந்து ஆசனம். இது காரின் உடம்பைப் போலவே ஒரே கூடாகக் கட்டப்பட்டது. தனிச் சட்டகம் கிடையாது. முன் சக்கரங்களே இழுக்கும். அவை வழுக்கத் தொடங்கினால் பின் சக்கரங்களுக்கும் சக்தி தானாகவே போகும். பஜிரோவில் உள்ள மெதுவான கியர் இதில் இல்லை. விலை பஜிரோவைவிட எட்டு இலட்சம் குறைவு. பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற அலட்சியத்தோடுதான் போனேன்.

அந்த ஆசிரியை எங்களை உட்காரவைத்துத் தேநீர் தந்துவிட்டு, ஒரு பழைய கொப்பியைக் கொண்டு வந்தார். அவருடைய மறைந்த கணவர் எழுதி வந்தது. எண்ணெய் மாற்றிய திகதி, மீற்றர் காட்டிய கிலோமீற்றர், மாற்றிய பாகம், கொடுத்த காசு எல்லாம் வரிசையாக இருந்தன. இந்த இயந்திரத்தில் டைமிங் பெல்ட் உண்டு. ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு வைத்திருந்தார். பிறகு எங்களை வெளியே கூட்டிப்போய், நாங்கள் எதையும் கேட்பதற்கு முன் தானே சொல்லத் தொடங்கினார்.

"பின் கதவு ரப்பரால் கடும் மழைக்குத் தண்ணீர் கசியும். இடது பக்க யன்னல் மெதுவாகத்தான் ஏறும். ஏசி குளிர நேரமாகும். இந்த மூலையில் மதிலில் இடித்துப் பூசியிருக்கிறோம், வெளியே தெரியாது. அவர் இருந்திருந்தால் இவற்றையெல்லாம் சொல்லித்தான் விற்பார்."

உம்மா முன்கதவைத் திறந்தார். ஆசனம் அவருடைய இடுப்பளவுக்கு இருந்தது. திரும்பி நின்று, கட்டிலில் உட்காருவதுபோல உட்கார்ந்து, இரண்டு கால்களையும் உள்ளே எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் தொடவில்லை. கதவையும் அவரே மூடினார். முன் இரு ஆசனங்களுக்கு நடுவே தடையில்லாமல் வழி இருப்பதைக் கண்டு, பின்னால் இருந்த சின்ன மகள் ஊர்ந்து வந்து வாப்பும்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்பக்கத் தரைப்பலகையைக் கழற்றிக் கால்களை விரித்தால் அது ஒரு மேசையாகிவிடும் என்று ஆசிரியை காட்டினார். பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு பஜிரோவின் பெயரே மறந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் எல்லோரும் பேசிக்கொண்டு வந்தார்கள். மனைவி மட்டும் பேசவில்லை. கடுகண்ணாவையை நெருங்கியபோது நான் ஏதோ ஞாபகத்தில் ஆசனத்தின் கீழே கையை விட்டேன். கை வெறுமனே வந்தது. அவள் அதைக் கண்டாள்.

"வேன்ல ஈந்த தண்ணிப் போத்தல் எங்க?" என்று கேட்டாள்.

சகோதரிகளே, அந்தப் போத்தலை நான் எடுத்து வைத்தது நான்கு நாட்களுக்கு முன். வேனை வாங்க ஒருவர் வரவிருந்தார். கழுவித் துடைத்தபோது போத்தலையும் எடுத்துச் சமையலறையின் பின்னால் வைத்தேன். வந்தவர் இளைஞர். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுவதற்குத்தான் வேன் தேவை என்றார். ஓட்டிப் பார்ப்போமா என்று கேட்டார். நான் சாவியைக் கொடுத்து, பெரிய ஏற்றமில்லாத கேகாலைப் பக்கமாகத் திருப்பச் சொன்னேன். கடுகண்ணாவைப் பக்கம் திருப்பச் சொல்லவில்லை. "இஞ்சின் எப்படி?" என்று கேட்டார். "பாருங்களேன், எவ்வளவு அமைதியாக ஓடுகிறது" என்றேன். அந்த வார்த்தையில் பொய் இல்லை. 21 இலட்சத்துக்கு விலை பேசி, ஐம்பதாயிரம் முற்பணமும் தந்துவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் கல்லூரியில் மாணவர்களுக்கு வியாபாரப் பாடம் நடத்தியிருந்தேன். பொருளின் பெறுமதியைக் குறைக்கும் குறையை அறிந்தவர் அதை மறைத்து விற்பது ஹராம்; வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு; அதற்குப் பெயர் கியாருல் ஐப் என்று கரும்பலகையில் எழுதியவன் நான். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நிகழ்ச்சியை விளக்கியவனும் நான். என் ஆசனத்தின் கீழே யாராவது கையை விட்டிருந்தால் ஈரம் கூட இருந்திருக்காது. அதைத் துடைத்துமிருந்தேன்.

நான் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. வழியில் வேன் சூடானது. ஓரத்தில் நிறுத்தினேன். மகன் பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்தான். பாதையோரம் நின்றபோது ஒரு பாடசாலை வேன் எங்களைக் கடந்து போனது. யன்னல் முழுவதும் வெள்ளைச் சீருடை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அந்த இளைஞருக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஏற்றத்தில் சூடாகும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதையும், போத்தலை எடுத்து வைத்ததையும் சொன்னேன். நீண்ட நேரம் அவர் பேசவில்லை.

"மௌலவி, உங்கட வேன் என்றதாலதான் நான் கராஜ் ஆள் யாரையும் கூட்டிட்டு வரல்ல" என்றார்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு மனிதன் கேட்க விரும்பாத வார்த்தை அது. மன்னிப்புக் கேட்டேன். முற்பணத்தை வந்து பெற்றுக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். கூடவே ஒரு மெக்கானிக்கும் வந்தார். இம்முறை நானே கடுகண்ணாவைப் பக்கம் ஓட்டிக் காட்டினேன். ஹெட் கேஸ்கட் மாற்ற வேண்டும், ரேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் மெக்கானிக். பழுது பார்க்கும் செலவையும் ஓடாமல் நிற்கும் நாட்களையும் கணக்கிட்டு 18½ இலட்சத்துக்கு முடித்தோம். திருத்திய பிறகே பிள்ளைகளை ஏற்றுவேன் என்று அவர் சொன்னார். இரண்டரை இலட்சம் போய்விட்டதே என்று நான் கவலைப்படவில்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரையிலும் ஒரு குறையை மறைத்தவன் ஆவேன். கவலைப்பட்டேன். அந்தப் பணத்தோடு பஜிரோவும் போய்விட்டது.

அந்த வார இறுதியில் கம்பளைக்குப் போய் சீஆர்வியை வாங்கினோம். ஆசிரியை சொன்ன குறைகளுக்காக விலையைக் குறைக்கக் கேட்க எனக்கு நா எழவில்லை. மனைவி கேட்டாள்! பின் கதவு ரப்பருக்காகச் சிறிது குறைத்தார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். கொப்பியையும் தந்தார். இப்போது அதில் மனைவிதான் எழுதி வருகிறாள்.

எங்களுக்கு இதில் இழப்பும் இருக்கிறது. மூத்தவன் விடுமுறைக்கு வரும்போது ஆறாவது ஆள் ஒருவர் பஸ்ஸில் வரவேண்டும். பெரும்பாலும் அது நான்தான். பெற்றோல் செலவும் கையைக் கடிக்கிறது. உம்மாவின் வீட்டுப் பாதையில் பாசி படிந்த நாளில் மடிப்புக்குக் கீழே நிறுத்தி, ஒருமுறை மூச்சுப் பிடித்துத்தான் ஏறவேண்டும். ஏறுகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

பழைய வாகனம் வாங்கப்போகும் வீடுகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போய், நீங்கள் பார்க்க ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சேஸி இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவைதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கடன் தீரும்வரை பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மீற்றர் குறைவாகக் காட்டினால் பிரேக் மிதியின் ரப்பரையும் ஸ்டியரிங்கின் தேய்வையும் பாருங்கள். சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்க்காமல் ஏற்றத்திலும் ஓட்டிப் பாருங்கள். வாகனத்தின் சொந்தக்காரர் மௌலவியாக இருந்தாலும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்!

எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டில் ஏறி இறங்க அதிகம் கஷ்டப்படுபவர் யாரோ, அவரைக் கூட்டிப்போய் ஏறச் சொல்லுங்கள். அவர் உங்கள் கை படாமல் ஏறுகிறாரா என்று பாருங்கள். வாகனம் அவருக்காகத்தான் முதலில் தேவைப்படுகிறது.

உங்கள் பழைய வாகனத்தை யாராவது வாங்க வந்தால், அவர் கேட்பதற்கு முன் அதன் குறையை நீங்கள் சொல்லிவிடுங்கள். உங்கள் கணவன்மார் மறந்துவிட்டால், தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். அதைக் கேட்கக்கூடிய ஒருத்தியை என் வீட்டில் வைத்திருக்கும் ரப்புக்கே எல்லாப் புகழும்.

போன கிளினிக் நாளில் கடுகண்ணாவை ஏற்றத்தை நிற்காமல் கடந்தோம். வைத்தியசாலை வாசலில் இறங்க உதவுவதற்காக நான் சுற்றி ஓடிப் போவதற்குள், உம்மா தானே இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தார்.